ஆடி வெள்ளியன்று ஒரு சாப்பாடு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



காரியதரிசி அவர்கள் எனக்குத் தந்த தலைப்பு "கோடைகால உணவு" என்பதாகும். தலைப்பைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் மிஷன் பாடசாலையிற் பயின்றவன். கீழ்வகுப்பில் எங்களுக்கு வாய்த்த ஆங்கில வாசகப் புத்தகத்தில் ஆண்டுக்கு நான்கு பருவங்கள் இருந்தன. பருவத்துக்கு ஒரு படம். கோடைக்குரிய படத்தில் வெள்ளைக்காரக் குழந்தைகள் புல்லின்மேல் துணி விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான்கையும் பிழையின்றி ஒப்புவித்துப் பரிசும் வாங்கினேன். பரிசோடு வெளியே வந்து பார்த்தால் மாத்தளையில் அந்த நான்கில் ஒன்றையும் காணோம்! இங்கே நமக்குத் தெரிந்தவை மழை, வெயில், காற்று என்னும் மூன்றுதாம். மாசி பங்குனியில் ஒரு வெயில் அடிக்கும். ஆனி முதல் ஆவணி வரை காற்றோடு கூடிய இன்னொரு வெயில் வரும். இடையிடையே ஒரு தூறல் தலைகாட்டி ஏமாற்றிவிட்டுப் போகும். எனக்குக் கோடை என்றால் இந்த இரண்டாவது வெயில்தான். அந்த வெயிலில் நான் உண்ட ஒரு சாப்பாட்டைப் பற்றியே இன்று பேசப்போகிறேன்.

திகதியைக் கூடச் சொல்லிவிடுகிறேன். 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆந் திகதி, ஆடிக் கடைசி வெள்ளி. முதல் நாள் நிக்கினிப் போயா. இடம், ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம்.

அந்த ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே நாளில் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நொவெம்பரில் தடை நீங்கியது. ஆனால், போன போகம் திரும்பி வருமா? 2022 ஏப்பிரிலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று அரசாங்கம் அறிவித்தது. எரிவாயு இல்லை, பெற்றோல் இல்லை, பால்மா இல்லை. யூன் மாதத்தில், வீட்டிலே பயிர் செய்யுங்கள் என்று அரசாங்க உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். அந்த வெள்ளிக்கிழமைகளில் எத்தனை மண்வெட்டிகள் மண்ணைத் தொட்டன என்பதை அவரவர் மனச்சாட்சிக்கே விட்டுவிடுகிறேன். அவ்வாண்டு செத்தெம்பரில் கொழும்பில் உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு 94.9 வீதம் ஏறியிருந்தது. அதாவது, ஏறக்குறைய இரட்டிப்பு. என் தாயாரின் நாட்சம்பளமோ 1000 ரூபா என்ற இடத்திலேயே நின்றது.

எரிபொருள் இல்லாமையால் யூலையிற் பாடசாலைகள் மூடப்பட்டன. விடுதியிலிருந்த நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலம். வந்தவன் முதலிற் கண்டது, லயத்துக்குப் பின்னே முன்பு குப்பையும் கற்களுமாய்க் கிடந்த சரிவு பச்சைப்பசேலென்று நின்றதை. அம்மா சித்திரை வருடப் பிறப்புக் கழிந்த கையோடு அதைக் கொத்தத் தொடங்கியிருந்தார். விடியற்காலை ஒரு மணி நேரம். கொழுந்து எடுத்து வந்த பிறகு இன்னொரு மணி நேரம். அப்பா கவ்வாத்துக் கத்தியால் கிளிசிறிடியாக் கம்புகளை வெட்டி வேலி நட்டார். அதன் தழையையே மண்ணுக்குப் பசளையாக மிதித்தார். தண்ணீர் பீலியிலிருந்து. ஆளுக்கு ஒரு வாளி எடுத்து வராமல் ஒருவரும் பீலியிலிருந்து திரும்பக்கூடாது என்பது அம்மா இட்ட சட்டம். நான் வந்த அன்றே அந்தச் சட்டம் எனக்கும் அமுலுக்கு வந்தது.

அங்கே நின்றவற்றைக் கேளுங்கள். பயற்றங்கொடி, பூசணி, வெண்டி, கொச்சிக்காய், வேலியோரம் மரவள்ளி, மூலையில் ஒரு முருங்கை, பீலிக்கால் ஈரத்தில் வல்லாரை. கத்தரியில் "லேனஇரி" என்றோர் இனம். சிங்களத்திலே அணில் வரி என்று பொருள். காயின் ஊதாத் தோலில் வெள்ளை வரி ஓடும். பெயர் வைத்தவன் நல்ல கண்ணுடையவன். பழைய பலாமரம் ஒன்று லயத்தின் கோடியில் நின்றது. அதை யார் வைத்தார்களென்று ஒருவருக்குந் தெரியாது.

பலாவைப் பற்றி ஒரு வார்த்தை. 1660இல் கண்டியரசனிடம் பிடிபட்டு ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் இம்மலைநாட்டிலே வாழ்ந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன், பலா இந்நாட்டு ஏழைகளின் வயிற்றுக்கு எத்துணை உதவியென்று தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறான். சிங்கள மக்கள் அதனைச் "சோற்று மரம்" என்றே அழைப்பர். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் ஆதர் வீ. டயஸ் என்பவர் ஊரெங்கும் பலாக்கன்று நடும்படி இயக்கம் நடத்தியதால் "பலா மாமா" என்றே பெயர் பெற்றார். 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியின்றிப் பலாவை வெட்டலாகாது. நான் இதையெல்லாம் பிற்பாடு பல்கலைக்கழக நூல்நிலையத்தில் வாசித்தேன். வாசித்தபோது வெட்கம் வந்தது. ஏனென்றால், விடுதிக்குப் போகுமுன் தினமும் வீட்டிலிருந்து பாடசாலை சென்ற காலத்தில், அம்மா கட்டித் தந்த பலாக்கொட்டைக் கறியையும் மரவள்ளிக் கிழங்கையும் நண்பர் கண்ணிற் படாமல் மேசைக்குக் கீழே வைத்துத் தின்றவன் நான். பக்கத்து வாங்கில் பாண் துண்டும் பட்டரும் இருக்கும். எங்கள் சமய பாட உபாத்தியாயர் தானியேலின் கதையை அழகாய்ச் சொல்வார்: பாபிலோன் அரசனின் பந்தியை மறுத்துப் பத்து நாள் மரக்கறியும் தண்ணீரும் மாத்திரம் உண்டு, அரச போசனம் உண்ட பிள்ளைகளைவிடத் தெளிந்த முகத்தோடு நின்றானாம். கதையை நானும் வியந்து கேட்டேன். மணி அடித்ததும் என் சாப்பாட்டுப் பெட்டியை மறுபடி மேசைக்குக் கீழேதான் திறந்தேன்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

அம்மா இருள் பிரியுமுன் எழுந்து காய் பறித்தார். நேரம் தாழ்த்தினால் குரங்குகள் முந்திவிடும். மாத்தளை மாவட்டத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2025ஆம் ஆண்டு மார்ச் 15ஆந் திகதி காலை எட்டு மணி முதல் ஐந்து நிமிடம் நாடெங்கும் குரங்கு, மயில், மரவணில் ஆகியவற்றை எண்ணினார்களல்லவா? அன்று அம்மா சொன்னது: "எட்டு மணிக்கு எண்ண வந்தா எப்படி? அதுங்க ஆறு மணிக்கே சாப்பிட்டுட்டுப் போயிருச்சு!"

ஆறு மணிக்கெல்லாம் முற்றத்தில் ஒரு சுளகு நிறையக் காய் இருந்தது. எரிவாயு இல்லாவிட்டால் என்ன, எங்கள் லயத்தில் என்றும் விறகடுப்புத்தான்! நகரத்தார் அந்த ஆண்டு திண்டாடியபோது நாங்கள் பெருமைப்பட்டுக்கொள்ளக் கிடைத்தது அது ஒன்றே. முதலில் மரவள்ளி அடுப்பேறியது. அரிசி போதாது, ஆகையால் பாதி வயிற்றுக்குச் சோறு, மீதிக்குக் கிழங்கு என்று கணக்கு. தங்கை பானையை மூடப் போனாள். "மூடாத, விஷம்" என்று அம்மாயி உள்ளேயிருந்து அதட்டினார். விஞ்ஞானம் படிப்பவன் என்ற செருக்கோடு நான் விளக்கம் சொன்னேன்: மரவள்ளியிலே சயனைட்டுச் சேர்வை உண்டு, கிழங்கை நறுக்கும்போது அதிலிருந்து ஐதரசன் சயனைட்டுப் பிரியும், அது 26 பாகை வெப்பத்திலேயே ஆவியாகிவிடும், பானை திறந்திருந்தால் நீராவியோடு போய்விடும். அம்மாயி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதத்தான் நானுஞ் சொன்னேன்" என்றார்.

கத்தரிக்காயை அம்மா புளிக்குழம்பு வைத்தார். பயற்றங்காய் வதக்கல். முருங்கையிலையும் பலாக்கொட்டையும் சேர்ந்த ஒரு கறி. கொட்டைகள் வைகாசியிற் பழுத்த பழத்தினுடையவை, மணலிற் புதைத்து வைத்திருந்தவை. பூசணிக்குப் பால் வேண்டும், தேங்காய் இல்லை. அக்காலத்தில் தேங்காயும் எட்டாக்கனியாக இருந்தது. அப்போதுதான் கீழ்க்கிராமத்து ஆச்சி வந்தார். முதல் நாள் விகாரையிற் சில் அனுட்டித்தவர். வெள்ளைச் சேலை மாற்றாமலே கையில் இரண்டு தேங்காயோடு ஏறி வந்தார். அம்மா கொடுத்த லேனஇரி நாற்றுகள் அவர் வளவிலே காய்த்திருந்தன, அதற்குக் கைம்மாறாம். அம்மா உடனே ஒன்றைத் துருவிப் பூசணிக்குப் பால் பிழிந்தார். வல்லாரைச் சம்பலுக்கும் துருவல் கிடைத்தது. மிளகு எங்களுடையதே. வேலிக் கிளிசிறிடியாவில் ஏறிய கொடி, காய்த்தது கைப்பிடியளவுதான், ரசத்துக்குப் போதும். கடையில் வாங்கியவை அரிசி, உப்பு, புளி, வெங்காயம், சிறிது எண்ணெய். எண்ணிப் பார்த்தேன், ஐந்தே பொருள்.

மாரியம்மன் படத்துக்குப் படைத்து, காகத்துக்கு வைத்து, நண்பகலில் இலை போட்டோம். அப்பா, அம்மா, அம்மாயி, தங்கை, ஆச்சி, நான் என ஆறு பேர். வெயில் தகரக் கூரையிற் கொளுத்தியது. உள்ளே இருக்க முடியாமல் பலாமரத்தின் கீழே பாய் விரித்தோம். அன்று அந்தப் பாயில் அமர்ந்தபோதுதான் என் ஆங்கில வாசகப் புத்தகத்தின் கோடைப் படம் நினைவுக்கு வந்தது.

சுவையை எப்படிச் சொல்வேன்? காலையிற் பறித்த பயற்றங்காய் பல்லிற் படும்போது ஒரு சிறு ஓசை எழும். சந்தையில் மூன்று நாள் கிடந்த காயில் அது எழாது. பூசணி பாலிற் கரைந்தும் கரையாமலும் இருந்தது. வல்லாரையின் சிறு கசப்பு, கொச்சிக்காயின் காரம், கத்தரிக்காய்க் குழம்பின் புளிப்பு எல்லாம் கிழங்கின் சப்பென்ற மாவிலே போய்த் தங்கின. அம்மா தாம் உண்ணாமல் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா மூன்று முறை குழம்பு கேட்டார். வழக்கமாக ஒரு சொல்லும் சொல்லாதவர் அவர்.

ஔவையார், புல்வேளூர்ப் பூதன் இட்ட வரகரிசிச் சோற்றையும் கத்தரிக்காயையும் புளித்த மோரையும் உலகமெல்லாம் பெறுமென்று பாராட்டிய செய்தி நீங்கள் அறிந்ததே. நான் அன்று எண்ணியது வேறொரு கதையை. இளையான்குடி மாறநாயனார் வீட்டுக்கு மழையிரவிலே அடியார் வந்தார். வீட்டில் ஒரு மணி தானியம் இல்லை. அன்று பகலில் விதைத்த நெல்லையே நாயனார் இருளிற் சென்று வாரி வந்தார். கூரைக் கழிகளை அறுத்து விறகாக்கினார். கொல்லைக் குழியிலே நின்ற இளங்கீரையைப் பறித்து வந்தார். அந்த ஒரு கீரையைக் கொண்டு பலவகைக் கறி சமைத்தவர் அவர் மனைவியார். சொற்பொழிவாளர்கள் நாயனாரின் பக்தியை ஒரு மணி நேரம் பேசுவர். அம்மையாரின் கைத்திறனை ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவர். எனக்கு அது ஒப்பவில்லை.

உண்ட பின் இந்தக் கதையை நான் அம்மாயிக்குச் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டிருந்தார். முடிந்ததும், "நாங்களும் வெத நெல்லத் தின்னவங்கதான்" என்றார். 1974ஆம் ஆண்டுப் பஞ்சத்தைப் பற்றி அவர் வாய்திறந்தது அன்றுதான். இறக்குமதிகள் நின்று, மாவும் அரிசியும் குறைந்து, தோட்டங்களிற் பட்டினியால் மக்கள் மாண்ட காலம் அது. பலர் பிழைப்பைத் தேடி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனார்கள். அம்மாயிக்கு அப்போது வயது பதினான்கு. விதைக்கென்று சுரைக்குடுக்கையில் வைத்திருந்த சோளத்தையும் பயற்றையும் அவர் தாயார் ஓரிரவு அவித்துக் கொடுத்தாராம். மறுவருடம் நடுவதற்கு ஒன்றுமில்லை. அதற்குள் அம்மாயியின் கடைசித் தம்பியும் இல்லை. "அந்த நாயனாருக்குச் சிவன் வந்தாரு. எங்களுக்கு ஒருத்தரும் வரல" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆச்சிக்குத் தமிழ் பாதிதான் விளங்கும். ஆனால் அவரும் அந்த ஆண்டைக் கண்டவர். அம்மாயியின் கையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

புறப்படும்போது ஆச்சி இடுப்பிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்து அம்மாயியிடம் கொடுத்தார். உள்ளே பத்துப் பன்னிரண்டு சிறகவரை விதை. "தம்பல" என்பார்கள் சிங்களத்தில். ஐப்பசி மழைக்குப் போட்டோம், தையிற் காய்த்தது.

நண்பர்களே, வீட்டுத் தோட்டம் என்றவுடன் பிற நாடுகளின் கதை சொல்வது பேச்சாளர் வழக்கம். நானும் சொல்லலாம். இரண்டாம் உலக யுத்தத்தில் ஆங்கிலேயர் இலண்டன் கோபுரத்தின் அகழியிலேயே மரக்கறி பயிரிட்டனர். 1991இல் சோவியத்து ஒன்றியம் குலைந்தபின் கியூபா நாட்டார் அவானா நகரத்து வெறும் வளவுகளையெல்லாம் தோட்டமாக்கினர். நன்று. ஆனால் நம் மாவட்டத்துப் புதுமை அதனினும் பெரிது. நாட்டின் மிகப் பெரிய மரக்கறி மொத்தச் சந்தைகளுள் ஒன்று நம் தம்புள்ளையிலேயே இருக்கிறது. மலையில் விளைந்த காய் லொறியேறித் தம்புள்ளைக்கு இறங்கி, அங்கே விலை பேசப்பட்டு, மறுபடி லொறியேறி மலைக்கு வருகிறது. வழியில் நசுங்கியும் வாடியும் போவதும் கொஞ்சமன்று. இவ்வளவு பிரயாணம் செய்த காய்க்கு நாம் பிரயாணச் செலவும் கொடுக்கிறோம்.

இதற்கு விடை எல்லோரும் வீட்டிலே பயிரிடுவதுதான் என்று முடித்துவிட்டால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் எங்கள் தோட்டத்துக்கு அப்புறம் நேர்ந்ததையும் சொல்லியாக வேண்டும்.

ஒரு நாள் தோட்ட நிருவாகத்தின் சார்பில் ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம். லயத்தின் பின்சரிவு தோட்டக் காணி. அங்கே வேறு பயிர் வைக்கப்போகிறோம். வேலியைப் பிடுங்குங்கள் என்றார். காகிதத்தின்படி அவர் சொன்னது சரி. அம்மாவிடம் எந்தக் காகிதமும் இல்லை. கத்தரி பூவும் பிஞ்சுமாக நின்றது. அம்மா அழவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை. "காய் முத்துற வரைக்குமாவது பொறுங்க" என்றார். பத்து நாள் தந்தார்கள்.

அந்தப் பத்து நாளில் நான் நாடாவைப் பிடித்து நிலத்தை அளந்தேன். நாலு பேர்ச்சுக்குச் சற்றுக் குறைவு. எங்கள் மக்களுக்குத் தருவதாகப் பல காலமாய்ப் பேசப்பட்டு வந்தது 7 பேர்ச் காணி. ஒரு பேர்ச் என்பது 272¼ சதுர அடி. ஏழு பேர்ச்சில் 550 சதுர அடி வீடு ஒன்று கட்டினால் ஐந்து பேர்ச் அளவு மிஞ்சும். கழிவறைக்கும் நடைபாதைக்கும் ஒன்று போனால் நாலு. அம்மா கொத்திய அளவு எவ்வளவோ அவ்வளவேதான்! ஒரு குடும்பம் ஆடி வெள்ளியன்று இலை நிறைய உண்பதற்கு நாலு பேர்ச் போதுமென்று நான் கண்டறிந்து வைத்திருக்கிறேன். அதற்கு ஓர் உறுதிப் பத்திரம்தான் குறை.

2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் இங்கு வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து நம் முன்னோர் நடந்த வழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். யூலை 28இல் தொடங்கிய அந்த நடை மாத்தளையில் முடிந்த நாள் ஓகஸ்ட் 12. நாங்கள் பலாவின் கீழ் இலை போட்டுச் சரியாக ஓராண்டு! அன்று நானும் அம்மாயியும் வீதியோரம் நின்றோம். கேட்ட கோரிக்கைகளுள் காணியும் ஒன்று. தம் பாட்டனாரின் தாய் கடல் தாண்டி வரும்போது முந்தானையில் சோள விதை முடிந்து வந்ததாக அம்மாயி சொல்வதுண்டு. அன்று அதையே பக்கத்தில் நின்ற ஒரு பெண்பிள்ளைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்பொழுது அம்மாவின் தோட்டம் உரப்பைகளில் இருக்கிறது. உரமில்லாத காலத்துக்குப் பின் உரம் வந்தது. உரம் வந்ததனால் வெறும் பைகள் வந்தன. பதினொரு பைகள் லயத்து வாசலில் வரிசையாக நிற்கின்றன. யாராவது எடுக்கச் சொன்னால் தூக்கிக்கொண்டு போகலாம் என்று அம்மா சிரிக்கிறார். கத்தரி பையிலே நன்றாகக் காய்க்கிறது. பூசணிக்குத்தான் இடம் போதவில்லை, அது கூரையேறியிருக்கிறது.

இந்தச் சிறு பொட்டலங்களில் ஆச்சியின் சிறகவரை விதை கொண்டுவந்திருக்கிறேன். ஆச்சி சென்ற ஆண்டு காலமானார். விதைத் தோல் தடிப்பு. ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து, ஐப்பசி மழையோடு போடுங்கள். ஏறுவதற்கு உறுதியான கம்பு வேண்டும். காயை விரல் நீளத்தில் பறித்துவிடுங்கள், முற்றினால் நார். வேண்டியவர்கள் கூட்டம் கலைந்ததும் வாசலில் என்னிடம் பெற்றுக்கொள்ளலாம். ஆளுக்கு நான்கு விதைதான் தரமுடியும். அம்மா எண்ணிக் கட்டிக் கொடுத்திருக்கிறார்.